பதினான்காம் விதிப்படி விண்ணோர்

மயிலாப்பூர் வானூர்தி ரசிகர் சபையின் மாதக் கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். ஆறே காலுக்குத்தான் ஆரம்பமாகும். இதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. தாமதம் என்பது விமானத் துறையின் மரபு, சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதற்கு இது என்ன பஜனை மடமா என்று தலைவர் ராஜகோபாலன் ஆண்டு மலரிலேயே எழுதியிருக்கிறார். ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை செயலாளர் அம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறிவிப்பார். அப்போது மேடையில் அவரும் தலைவரும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள்.

கச்சேரி ரோடுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் சபை நடந்தது. முன்னால் மூன்று வரிசைக்கு உறை போட்ட நாற்காலிகள். அவை விண்ணோருக்கு. பின்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகள். அவை மண்ணோருக்கு. ஒரு தடவையாவது விமானத்தில் பறந்தவர் விண்ணோர், பறக்காதவர் மண்ணோர் என்பது சபையின் பதினான்காம் விதி. அதன் உட்பிரிவு ஒன்று, விமானம் தரையை விட்டு எழும்பிய பிறகு நடக்கிற எதைப் பற்றியும் மண்ணோர் சபையில் பேசலாகாது என்று சொல்லியது.

குருபிரசாத் பத்தொன்பது வருஷமாக மண்ணோர். மந்தைவெளியில் வீடு, தி. நகரில் ஒரு பால்பேரிங் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. விமானம் என்றால் உயிர். எந்தக் கம்பெனி எந்த நாட்டில் எத்தனை விமானத்தைக் குத்தகைக்கு எடுத்தது, எந்த எஞ்சின் எவ்வளவு எரிபொருள் குடிக்கும், வானத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்ட பிறகு யார் யார் உள்ளே வந்தார்கள், யார் வருகிற வேகத்திலேயே திரும்பிப் போனார்கள், பேஜர் எப்போது வரும், செல்போன் யார் கைக்கு முதலில் போகும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இதையெல்லாம் நாலு பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து ஒட்டி, மாதாமாதம் ஓர் அறிக்கை தயாரித்துக் கூட்டத்தில் வாசிப்பார்.

வாசிப்பதிலும் முறை உண்டு. விமானம் ஓடுபாதையில் ஓடுகிற வரைக்கும் குருபிரசாத் வாசிக்கலாம். சக்கரம் தரையை விட்டதும் நிறுத்தி, காகிதத்தை அம்பியிடம் நீட்டிவிட வேண்டும். அம்பி எண்பத்து மூன்றில் மைத்துனன் கல்யாணத்துக்காகப் பெங்களூருக்குப் பறந்தவர். மேலே நடக்கிற பகுதியை அவர் வாசிப்பார். விமானம் தரையிறங்கியதும் காகிதம் மறுபடி குருபிரசாத் கைக்கு வரும். ஒரு தடவை அறிக்கையில் லண்டனுக்கு எங்கும் நிற்காமல் போகும் விமானம் ஒன்று வந்துவிட்டது. அன்று அம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பத்திரிகையில் வராத சில விஷயங்களும் அந்த அறிக்கையில் இருக்கும். இன்ன நாளில் விமானம் ஏன் எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பியது, இன்ன விமானத்துக்கு எந்தச் சக்கரத்தில் டயர் மாற்றினார்கள் என்பது போல. அவற்றை 'நம்பத் தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்று குருபிரசாத் முடிப்பார். "ஓய், உம்ம வட்டாரம் ரொம்ப உசந்த இடம் போலிருக்கே" என்று ராஜகோபாலன் ஒரு நாள் கேட்டபோது, குருபிரசாத் அடக்கமாகச் சிரித்து வைத்தார்.

அந்த வட்டாரத்தின் பெயர் பவுல்சாமி. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் குடியிருப்பவர். மீனம்பாக்கத்தில் விமானம் வந்து நின்றதும் ஏணி வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவோடு சேர்த்து வைப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் பார்ப்பதற்காகத் திரிசூலம் ஸ்டேஷனில் போய் நிற்கிற குருபிரசாத்தை, வேலை முடிந்து ரயிலுக்கு நின்ற பவுல்சாமிதான் முதலில் பேசவைத்தார்.

"இன்னா சார், வாரா வாரம் வந்து நிக்கிறீங்க? ஆருனா வராங்களா?"

"இல்லப்பா, சும்மா பாக்கறதுக்குத்தான். இன்னிக்கு ஏன் எல்லாம் அந்தப் பக்கத்துலேர்ந்து ஏறறது?"

"காத்து மாறிக்கினு கீது சார். காத்துக்கு மூஞ்சியக் காட்டித்தான் ஏறும். முதுகக் காட்டி ஏறாது."

அன்றிலிருந்து எட்டு வருஷம். பிரேக் பிடிக்கிற தினுசை வைத்தே எந்தப் பைலட் என்று சொல்லக்கூடிய ஒரு மனிதர் ஞாயிறுதோறும் திரிசூலத்திலிருந்து சைதாப்பேட்டை வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அவ்வளவையும் குருபிரசாத் குறித்துக்கொண்டார். பவுல்சாமியின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. ஏணி தள்ளுகிறவர் சொன்னார் என்று எழுதினால் சபையில் யார் கேட்பார்கள்?

தொண்ணூற்று ஐந்து மார்ச் மாதக் கூட்டத்தில் அம்பி ஒரு கடிதத்தை வாசித்தார். பொதிகை ஏர்வேஸ் என்று ஒரு புதுத் தனியார் கம்பெனி சென்னையிலிருந்து மதுரைக்கு விமானம் விடப்போகிறது. முதல் நாள் பயணத்தில், சபையின் மிகச் சிறந்த ஆர்வலர் ஒருவருக்கு ஓர் இருக்கை இனாம்.

விண்ணோர் ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் ஏன் போக முடியாது என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒருவருக்கு ரத்த அழுத்தம். ஒருவருக்கு அன்று மாமனார் திவசம். ஒருவருக்கு மதுரையில் யாரையும் தெரியாது. புதுக் கம்பெனி, பழைய விமானம் என்கிற விஷயத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பின்பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த குருபிரசாத்துக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது. கீழே நின்று அண்ணாந்தே கழுத்து சுளுக்கிக்கொண்ட மனிதர். ஒரே ஒரு தடவை மேலேயிருந்து கீழே பார்த்துவிட வேண்டும். வீடு வேண்டும், நகை வேண்டும் என்று அவர் எதையும் கேட்டதில்லை, இது ஒன்றைத் தவிர. அவர் எழுந்து நின்றார்.

"சார், நான் வேணா..."

"உட்காரும்" என்றார் ராஜகோபாலன். "சபை சார்பா மேலே போறவர் விண்ணோரா இருக்கணும். பறந்த அனுபவம் இல்லாதவரைப் பறக்க அனுப்பறது பொறுப்பில்லாத காரியம்."

"பறந்தாத்தானே சார் அனுபவம் வரும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். வரட்டும். வந்த அப்புறம் பறக்கட்டும். நான் எழுபத்தொண்ணுல டெல்லிக்குப் பறந்தபோது யாராவது எனக்கு அனுபவம் இருக்கான்னு கேட்டாளா? கேக்கலை. ஏன்? அப்போ சபையே கிடையாது. ஒரு ஸ்தாபனம்னு வந்துட்டா நாலு பேரைத் தடுத்து நிறுத்தணும். இல்லேன்னா அது எதுக்கு?"

கைதட்டினார்கள். குருபிரசாத்தின் வாயிலிருந்து, அவருக்கே தெரியாமல், அந்த வார்த்தை வந்தது.

"நான் பறந்திருக்கேன் சார். போன மாசம். ஆபீஸ் விஷயமா, பெங்களூருக்கு."

எல்லாத் தலைகளும் திரும்பின. விதிப்படி, விமானத்தில் ஏறும்போது கிழித்துக் கொடுக்கிற போர்டிங் பாஸ் துண்டை ஏழு நாளைக்குள் காட்ட வேண்டும், பிறகு வாய்மொழித் தேர்வு என்று அம்பி எழுதிக்கொண்டார். வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி ஹம்சா, "பெங்களூரா? ஏன்னா, போன மாசம் நீங்க தாம்பரத்தைத் தாண்டினதா எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள். குருபிரசாத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பவுல்சாமியிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா சார் மூஞ்சி தொங்கிப் போச்சு? அந்தத் துண்டெல்லாம் சீட்டுக்கடில குப்பையாக் கெடக்கும். உங்க பேருல ஒண்ணு மாட்டாமயா பூடும்?"

நாலு நாள், க்ளீனர்கள் கூட்டி வைத்த மூட்டைகளை வேலை முடிந்து உட்கார்ந்து கிளறி, பெங்களூர் விமானத்தில் யாரோ ஒரு ஜி. பிரசாத் போட்டுவிட்டுப் போன துண்டை எடுத்துவந்து கொடுத்தார். தேதி போட்டிருந்த ஓரத்தில் சட்னி ஒட்டி மை அழிந்திருந்தது. அதை ஈரத்துணியால் துடைத்து, நோட்டுக்குள் வைத்து நிமிர்த்திக் கொண்டுவந்திருந்தார்.

"போய்ட்டு வாங்க சார். நம்ம ரெண்டு பேர்ல ஒர்த்தர்னா மேல போய்ப் பாக்கணும்ல" என்றார்.

வாய்மொழித் தேர்வை மூவர் குழு நடத்தியது. மூன்றாமவர் ஊரில் இல்லாததால் அவருடைய நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள்.

"ஜன்னல்ல என்ன தெரிஞ்சுது?" என்று ராஜகோபாலன் ஆரம்பித்தார்.

குருபிரசாத் தயாராக வந்திருந்தார். துண்டில் இருந்தது பதினெட்டாம் வரிசை, இறக்கைக்குப் பின்னால் வரும். "இறக்கையோட பின்விளிம்பு தெரிஞ்சுது சார். இறங்கறச்சே அதுலேர்ந்து தகடெல்லாம் நீண்டு கீழே மடங்கறது..."

"அதெல்லாம் கேக்கலை. மேகம் பஞ்சு மாதிரி இருந்துதா, இல்லையா?"

"...இருந்தது சார்."

"அதைச் சொல்லும். பயமா இருந்துதா?"

"இல்லை சார்."

"தப்பு. எனக்கே பயமா இருந்தது. அம்பி, கொஞ்சம் பயந்தார்னு எழுதிக்கோ."

இப்படியே பத்துக் கேள்விகள். தெரிந்ததைச் சொன்ன இடத்திலெல்லாம் தோற்று, அவர்கள் எதிர்பார்த்ததைச் சொன்ன இடத்திலெல்லாம் தேறி, குருபிரசாத் விண்ணோர் ஆனார். சால்வை போர்த்தி, முன்வரிசையில் உறை போட்ட நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாற்காலி மெத்தென்று இருந்தது. அதில் உட்கார்ந்தபோது வெட்கமாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனால் எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்ததாக எலுமிச்சம்பழப் பிரச்சினை வந்தது. புது வண்டிக்குச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதுபோல் விமானத்துக்கும் சபை சார்பில் செய்ய வேண்டும் என்று தீர்மானம். எத்தனை பழம்? போயிங் 737க்கு மூக்கில் இரண்டு, வயிற்றில் நான்கு, மொத்தம் ஆறு சக்கரம் என்றார் குருபிரசாத். வண்டி என்றால் நாலு சக்கரம்தான் என்றார் தலைவர். வாக்கெடுப்பு நடந்தது. விமானத்துக்கு நான்கு சக்கரம் என்று பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிவாயிற்று. அந்த ஒன்றைப் போட்டவர் யார் என்று தலைவர் விசாரித்தபோது குருபிரசாத் பேசாமல் இருந்துவிட்டார்.

ஏப்ரல் பதினாறாம் தேதி காலையில் சபையார் பதினோரு பேர் பித்தளைத் தாம்பாளத்தோடு மீனம்பாக்கம் போனார்கள். தொடக்க விழா என்பதால் விமானம் வரைக்கும் போகக் கம்பெனியார் அனுமதிச் சீட்டு வாங்கித் தந்திருந்தார்கள். குருபிரசாத் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். அதன் பொத்தான் அவரை விட்டுப் பிரிய முயன்றுகொண்டிருந்தது. விமானத்தின் சக்கரத்துப் பக்கம் பழத்தோடு யாரும் வரக் கூடாது என்று ஒரு என்ஜினியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சபை அங்கேயே, வெயிலில், அவசரக் கூட்டம் போட்டது. கடைசியில் ஏணி வண்டியின் சக்கரத்தில் வைப்பது என்று சமாதானம் ஆயிற்று. அதற்கு நான்கு சக்கரம்தான்.

"பாத்தீரா? நாலுதான் சரின்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் ராஜகோபாலன்.

காக்கிச் சட்டையோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள், பெரியவர்கள் பழத்தை வைத்து முடிக்கிறவரை பொறுமையாக இருந்தார். பிறகு ஏணியை முன்னே தள்ளி, பழங்களை முறையாக நசுக்கினார். கதவோடு சேர்த்து வைத்துவிட்டுத் திரும்பிய பவுல்சாமியின் முகம் குருபிரசாத்தைப் பார்த்ததும் மலர்ந்தது.

"வாங்க சார், வாங்க! மொதோ தபா ஏறப் போறீங்க. வலது கால வச்சு ஏறுங்க."

ராஜகோபாலன் அப்படியே நின்றார்.

"மொதோ தபாவா? என்ன சொல்றான் இவன்? உமக்குத் தெரிஞ்சவனா?"

ஏணியில் பதினெட்டுப் படி. மேலே கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. குருபிரசாத் பவுல்சாமியின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"தெரியாது சார். யாரோ."

பவுல்சாமி சட்டென்று ஒரு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டார். "மன்ச்சுக்கோங்க சார், வேற ஆரோன்னு நெனச்சுட்டேன்" என்றார். அது ராஜகோபாலனுக்குப் போதவில்லை. விண்ணோர் ஒருவரை முதல் தடவை ஏறுகிறவர் என்று ஏணி தள்ளுகிறவன் பொது இடத்தில் சொல்வது சபைக்கே இழுக்கு என்றும், புகார் எழுத வேண்டும் என்றும் அவர் ஆங்கிலத்தில் சொன்னார். சபையின் கடிதத்தாள் அம்பியின் பையில் எப்போதும் இருக்கும். தாம்பாளத்தைக் கவிழ்த்துப்போட்டு அம்பி எழுதினார். பாதிக்கப்பட்டவர் கையெழுத்து என்று ஒரு கோடு போட்டு நீட்டினார். எழுதுகிற அவசரத்தில் அவருடைய பேனாவில் மை தீர்ந்துபோயிற்று.

குருபிரசாத் கோட்டுப் பையைத் தடவினார். பேனா இல்லை. பெரியவர்கள் எதற்கோ பேனா தேடுகிறார்கள் என்று கண்ட பவுல்சாமி, தன் சட்டைப் பையிலிருந்து பால்பாயின்ட்டை எடுத்து நீட்டினார். குருபிரசாத் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். பவுல்சாமி வாங்கிக்கொண்டார். குருபிரசாத் படியேறினார்.

ஐம்பது நிமிடப் பயணம். ஜன்னல் ஓரம்தான் கிடைத்தது. கீழே ஏணியை விலக்கிக்கொண்டு போன பவுல்சாமி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததும், குருபிரசாத் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலை மதுரை வரைக்கும் நிமிரவில்லை. பல்லாவரம் மலை எப்படித் தெரியும், காவிரி எந்த இடத்தில் குறுக்கே போகும் என்று பத்தொன்பது வருஷமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்த மனிதர், தன் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பணிப்பெண் உடம்புக்கு ஏதாவதா என்று இரண்டு தடவை கேட்டாள். வெட்கம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு வாரம் திரிசூலத்துப் பக்கமே அவர் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு, இதற்கு மேல் தாங்காது என்று பட்டினப்பாக்கத்துக்கு பஸ் ஏறினார். சொல்ல வேண்டியதை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மூன்றே வாக்கியம். மூன்றாவது மாடியில் பவுல்சாமியின் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. பிளஸ் டூ படிக்கிற மகள் ஜொவிட்டா தரையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். வாங்க என்று சொல்லவில்லை.

பவுல்சாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஏணிலேர்ந்து எட்த்துட்டாங்க சார். ஆரோ பெரிய மனுசரு எய்திக் குட்த்துட்டாராம். இப்ப வெளில டிராலி தள்ளிக்கினு கீறேன். கார் நிக்கிற எடத்துல. அங்கேர்ந்து பாத்தா விமானத்தோட வாலுகூடத் தெரியாது." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "சபைக்கு ஒரு மன்னிப்பு லெட்டர் எய்தினா, அவங்க சரின்னு எய்திக் குட்த்தா, மறுபடி ஏணிக்கு வுட்டுருவாங்களாம். எனக்கு அதெல்லாம் வராது. நீங்கதான் நல்லா எய்துவீங்களே சார்."

சொல்லிவிட்டு குருபிரசாத்தின் முகத்தையே பார்த்தார். ஜொவிட்டாவின் கை எழுதுவதை நிறுத்தியிருந்தது.

மூன்று வாக்கியமும் தொண்டை வரை வந்தன. அப்போது குருபிரசாத்தின் மனதில் ஒரு சின்ன வழி திறந்தது. கடிதம் எழுதினால் வேலை திரும்பக் கிடைத்துவிடும். வேலை கிடைத்துவிட்டால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. "காகிதம் குடு" என்றார். உட்கார்ந்து, பவுல்சாமியின் சார்பில், தன்னிடமே மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல தமிழ் அதுதான்.

மே மாதக் கூட்டத்தில் அம்பி அதை உரக்க வாசித்தார். 'தகுதி மறந்து பேசிய என் நாவை' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி ஒரு தடவை வாசித்தார். பலத்த கைதட்டல். ராஜகோபாலன் எழுந்தார்.

"ஏணி தள்றவன் என்னமா எழுதறான் பாருங்கோ! எல்லாம் நாம புகார் குடுத்ததனால வந்த பண்பு. ஆனா உடனே மன்னிச்சுடப்படாது. மன்னிச்சுட்டா மறுபடி யாரும் நம்மகிட்ட மன்னிப்பு கேக்க மாட்டா. நம்மகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான். அதனால ஒரு துணைக்குழு போடறேன். ஆறு மாசம் பரிசீலிக்கட்டும்."

ஆறு மாதம். முன்வரிசை நாற்காலியிலிருந்து குருபிரசாத் எழுந்தார்.

"அந்த லெட்டரை எழுதினது நான் சார். நான் பெங்களூருக்குப் போகவே இல்லை. அந்தத் துண்டு குப்பையிலேர்ந்து எடுத்தது. எனக்காக எடுத்துக் குடுத்ததே பவுல்சாமிதான். அறிக்கையில வட்டாரம் வட்டாரம்னு எழுதினேனே, அது அவர்தான். எட்டு வருஷ சிநேகிதம். தெரியாதுன்னு சொன்னேன். நான் விண்ணோர் இல்லை சார், என்னை எடுத்துடுங்கோ."

அம்பி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"மதுரைக்குப் போனீரோல்லியோ?"

"போனேன்."

"அப்போ நீர் விண்ணோர்தான். போனதுக்கு அப்புறம் போகலைன்னு ஆக்க முடியாது. விண்ணோர் ஒருத்தரைப் பொய்யர்னு சபையில சொன்னா அது குற்றம். இப்போ நீர் உம்மைச் சொல்லியிருக்கீர். உம்ம மேல புகார் குடுக்கணும்னா, பாதிக்கப்பட்டவர்னு நீர்தான் கையெழுத்துப் போடணும்."

"அது இருக்கட்டும் சார். பவுல்சாமி மேல குடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

ராஜகோபாலன் மிகவும் கனிவாகச் சிரித்தார்.

"வாபஸ் வாங்கினா சபை பொய் சொன்னதா ஆயிடும். சபை பொய் சொல்லலையே குருபிரசாத். உமக்குத் தெரிஞ்சவனான்னு நான் கேட்டேன். தெரியாதுன்னு நீர்தானே சொன்னீர்?"

அத்தனை வருஷத்தில் தலைவர் சபையில் சொன்ன ஒரே உண்மை அதுதான். குருபிரசாத் பேசியது குறிப்பில் ஏறாது என்று முடிவாகி, அடுத்து பேஜர் வாங்குவது பற்றிய விவாதம் ஆரம்பமாயிற்று.

மறுநாள் காலை அவர் மீனம்பாக்கம் போனார். பவுல்சாமி கார் நிறுத்தும் இடத்தில் சிதறிக் கிடந்த டிராலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை குருபிரசாத் உட்காரவில்லை, மூச்சுவிடக்கூட நிற்கவில்லை.

"பவுல்சாமி, அந்தப் புகார்ல கையெழுத்துப் போட்டது நான்தான். உங்க பேனாவுலதான் போட்டேன். சபையில சொல்லிப் பாத்தேன், கேக்கலை. அதிகாரியைப் பாத்து நானே எழுதிக் குடுக்கறேன்."

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரை 'உங்க' என்று சொன்னது குருபிரசாத்துக்கே தெரியவில்லை. பவுல்சாமி இன்னொரு டிராலியை இழுத்துச் செருகினார்.

"தெரியும் சார். புகாரோட காப்பியை அன்னிக்கே என்கிட்ட குட்த்தாங்க. ஜொவிட்டா படிச்சிச் சொல்லிச்சு. கீய உங்க பேரு போட்டுருந்துச்சு."

"தெரியுமா? தெரிஞ்சுமா என்கிட்டயே மன்னிப்பு லெட்டர் எழுதச் சொன்னீங்க?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார். கொய்ந்தைகிட்டயும் சொல்லிவச்சிருந்தேன், சாரு நல்லவரு, அவரே சொல்லிருவாரு பாருன்னு." பவுல்சாமி நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. "நீங்க காகிதம் குடுன்னு கேட்டீங்க."

டெல்லி விமானத்து ஜனங்கள் வெளியே வர ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ கை தட்டிக் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க சார், வயில நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு, பவுல்சாமி டிராலிகளைத் தள்ளிக்கொண்டு போனார்.